ஊர் எல்லைக்கு வெளியே ஒரு கட்டில்

எங்கள் ஊரின் பெயர் லேக் ஆர்லின். ஏரி எதுவும் கிடையாது. ரயில் பாதை போட வந்த யாரோ ஒரு அதிகாரி, பனி உருகி வயலெல்லாம் தண்ணீர் நின்ற மார்ச் மாதத்தில் வந்து பார்த்துப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜூலையில் வந்திருந்தால் புழுதி என்று வைத்திருப்பார். அரசாங்கக் குறிப்பில் ஊரின் பரப்பளவு முக்கால் சதுர மைல் என்றும், நீர்ப்பரப்பு இல்லை என்றும் இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளம். நெப்ராஸ்கா மாநிலமே தட்டை. அதில் நாங்கள் இன்னும் கொஞ்சம் தட்டை. ஊரில் அண்ணாந்து பார்க்க இருப்பது தானியக் கிடங்கு ஒன்றுதான்.

டெல்மர் க்ரோக்கர் அந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர். பேச்சு குறைவு. அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு "மோசமில்ல" என்பது. கல்யாணத்தன்று, மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட பாதிரியாரிடமும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற வெர்னாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் போதுமானதாகவே இருந்தது.

பிறகு குளத்து விவகாரம் வந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் வெர்னாவின் அப்பா வெட்டிய சின்னக் குளம். நாலு வாத்து நீந்தலாம், ஐந்தாவது வந்தால் இடிக்கும். ஊர் எல்லைக்குள் இருந்த ஒரே தண்ணீர் அதுதான். அரசாங்கம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று வெர்னாவுக்கு வருத்தம். அதன் ஈரம் நிலவறைச் சுவரில் ஏறுகிறதே என்று டெல்மருக்கு வருத்தம். வெர்னா லிங்கன் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம், டெல்மர் ஆள் வைத்து, இயந்திரம் வைத்து, குளத்தை மூடி மேலே புல் விதையும் தூவிவிட்டார். நல்ல வேலை. மேடு பள்ளம் இல்லை. வெர்னா சந்தோஷப்படுவாள் என்று நிஜமாகவே நினைத்தார்.

ஊரிலிருந்து திரும்பிய வெர்னா, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமல் அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

"வாத்துங்க எங்க?"

"ஹாஸே பண்ணையில விட்டுட்டேன். அங்க நல்லா இருக்கும்."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

டெல்மர் யோசித்தார். "நீ ஊர்ல இல்லையே."

"போன் இருந்துச்சு" என்றார் வெர்னா.

அன்றைக்கே டெல்மரின் தலையணை பட்டறைக்குப் போய்விட்டது. பட்டறை என்பது கொல்லையில் தகரத்தில் போட்ட கொட்டகை. உள்ளே டிராக்டர், கருவிகள், ஒரு இரும்பு அடுப்பு, மடக்குக் கட்டில். சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் போகலாம். தூங்கப் போகக் கூடாது. ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. எங்கள் ஊரில் சண்டையைச் சண்டை என்று சொல்வது மரியாதை இல்லை. "டெல்மருக்கு இப்பல்லாம் பட்டறையில வேலை ஜாஸ்தி" என்று பேசிக்கொண்டார்கள்.

ஊர் எல்லைக் கோடு க்ரோக்கர் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கம்பத்தை ஒட்டிப் போகிறது. வீடு ஊருக்குள். பட்டறை ஊருக்கு வெளியே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்வரை இதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நினைத்துப் பார்த்தவர் மேயர் லோவெல் ஸ்டெக்கர். டெல்மரோடு பள்ளியில் படித்தவர். அங்கேயும் தலைவராகத்தான் இருந்தார். சட்டத்தை அவர் புரிந்துகொண்ட விதத்தில், எண்ணூறு பேர் இருந்தால் ஊர் நகரம், குறைந்தால் கிராமம். கிராமத்துக்கு மேயர் கிடையாது, வாரியத் தலைவர்தான். லோவெல் தன் சமையலறையில் உட்கார்ந்து தெருத் தெருவாக ஊரை எண்ணினார். முதியோர் இல்லத்தை இரண்டு தடவை எண்ணினார். டெல்மர் வீட்டுக்குள் படுத்தால் எண்ணூறு. படுக்காவிட்டால் ஒன்று குறைகிறது.

ஓய்வு பெற்ற ஆண்கள் தினமும் காலையில் காபி குடிக்கும் இடம் பெட்ரோல் பங்க். அங்கே லோவெல் பேச்சை வானிலையிலிருந்து ஆரம்பித்தார். இங்கே எதையும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"பட்டறையில குளிரு ஜாஸ்தியா இருக்குமே, டெல்மர்."

"அடுப்பு இருக்கு."

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி நீ எங்க தூங்கறியோ அங்கதான் உன்ன எழுதுவாங்க. பட்டறைன்னா நீ இந்த ஊர்க்காரனே இல்ல."

"பொறந்ததுலேர்ந்து இங்கதானடா கெடக்கேன்."

"பகல்ல கெடக்கே. ராத்திரியில நீ வெளியூரு. ஒரு நாள் உள்ள போய்ப் படுத்தா என்ன? உன் பொண்டாட்டிதானே?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அவரவர் காபியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

உண்மையில் டெல்மருக்கு நிம்மதியாக இருந்தது. வெர்னாவின் இருமல் சத்தம் கேட்காத இடத்தில் அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் வருவதில்லை. உள்ளே போக வேண்டும் என்று ஆசை, போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. இப்போது ஊரே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டது. சாயங்காலம் தலையணையோடு போய்ப் படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"என்ன?"

"ஊருக்கு ஒரு ஆளு கொறையுதுன்னு லோவெல் சொல்றான்."

"அதுக்கு?"

"நான் உள்ள படுத்தா எண்ணூறு."

வெர்னா அவரையும் பார்த்தார், தலையணையையும் பார்த்தார். "லோவெலுக்கு அவ்வளவு ஆசைன்னா அவன் வீட்டுல போய்ப் படு. அதுவும் ஊருக்குள்ளதான் இருக்கு."

கதவு மூடிக்கொண்டது. டெல்மர் பட்டறைக்குத் திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். தான் எவ்வளவு பெரிய மடையன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது.

இதற்குள் ஊர் தன்னால் ஆன உதவியைச் செய்யத் தொடங்கியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த உதவி ஒன்றே ஒன்று. யார் வீட்டில் துக்கமோ அந்த வாசலில், இறைச்சியும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவோம். தட்டின் அடியில் ஒட்டுத்தாளில் பெயர் இருக்கும், தட்டு திரும்பி வர வேண்டுமல்லவா. ஒரே காலையில் மூன்று தட்டுகளைப் பார்த்த வெர்னா பதறிப்போய், தபால் நிலையத்து கிளாரிஸுக்குப் போன் போட்டார்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. நீங்க ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிடணும்னுதான்..."

"சாப்பாட்டுல எங்களுக்கு என்ன தகராறு?" என்று வெர்னா போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வாரம் முழுக்க அந்தத் தட்டுகளைக் காலி செய்தார்கள். "மோசமில்ல" என்றார் டெல்மர். வெர்னா தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் கடைசி நாள் காலை காபியில் லோவெல் கேட்டார். "இன்னிக்கு உள்ளதானே?"

"இல்ல. பட்டறையிலதான்."

"ஏன்டா இப்பிடிக் கழுத்தறுக்கறே?"

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த மேஜையில் அவர் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். "இப்பப் போனா உனக்காக வந்தேன்னு நெனப்பா. நான் குளத்த மூடினது தப்பு. அவளக் கேக்காம மூடினது அதவிடத் தப்பு. அத அவகிட்டச் சொல்லணும். கணக்கெல்லாம் முடிஞ்சு, என்னால ஊருக்கு எந்தப் பிரயோசனமும் இல்லன்னு ஆனப்புறம் போய்ச் சொல்றேன். அப்பத்தான் நம்புவா."

"ஊரு கிராமமாயிடும்."

"ஆவட்டும்."

ஒன்பது மணிக்கு முன்னால் இது தபால் நிலையத்தை அடைந்துவிட்டது. வெர்னா மதியம் தபால்தலை வாங்கப் போனார். தபால்தலையோடு டெல்மரின் பேச்சையும் ஒரு சொல் விடாமல் கிளாரிஸ் கொடுத்தனுப்பினாள். மூன்று மணி வாக்கில், புல்வெட்டியின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த டெல்மர் நிமிர்ந்து பார்த்தபோது, வாசலில் வெர்னா ஒரு தலையணையும் போர்வையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"கிளாரிஸ் சொன்னா."

டெல்மர் எழுந்து நின்றார். கத்தியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தப்புதான் வெர்னா. உன்னக் கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்." வெர்னா கட்டிலைப் பார்த்தார். "இதுல ரெண்டு பேரு எப்பிடிப் படுக்கறது?"

"இன்னொண்ணு மடக்கி வெச்சிருக்கேன். இல்லாட்டி, நானே உள்ள வந்துடறேனே."

"இன்னிக்கு வேண்டாம். இன்னிக்கு நீ உள்ள வந்தா, தான் சொல்லித்தான் வந்தான்னு லோவெல் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான். அத என்னால சகிச்சுக்க முடியாது."

அன்று இருவரும் பட்டறையில் படுத்தார்கள். வெர்னா இருமினார். டெல்மர் ஒன்றரை வருடத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார். மறுநாளும் அங்கேயே இருந்தார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு தலையணைகளும் வீட்டுக்குப் போயின. கணக்கெடுக்க வந்த பெண் கேட்டபோது, ஒன்றாம் தேதி எங்கே படுத்தோம் என்பதை வெர்னா மறைக்காமல் சொல்லிவிட்டார். வெர்னாவுக்குப் பொய் சொல்ல வராது.

மறுவருடம் ஊர் முகப்பில் புதுப் பலகை நட்டார்கள். மக்கள்தொகை: 798. கழித்துப் பார்க்க எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதம் தொடர்ந்து சொல்லாமல் இருந்தார்கள், அது டெல்மர் காதில் நன்றாகவே விழுந்தது. லோவெல் வாரியத் தலைவரானார். வேலை அதேதான்.

பலகை வந்த வாரம்தான் டெல்மர் புதுக் குளத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். சேதி காபி மேஜைக்கு வந்தது.

"மழை வரும்போல இருக்கு" என்றார் லோவெல்.

"இருக்கும்."

"பட்டறைக்குப் பின்னால வெட்டப் போறியாமே. துணிக் கம்பத்துக்கு இந்தப் பக்கமா வெட்டேன். ஆளுதான் போச்சு, ஊரு கணக்குல தண்ணியாவது வரட்டும்."

டெல்மர் காபியை ஒரு வாய் குடித்தார்.

"வெர்னாவக் கேட்டுட்டுச் சொல்றேன்."