முப்பத்தொரு விரிப்புகள்

இராஜம்மாவின் கைப்பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டியது 2017இல். கிள்ளானில் துணி வெளுக்கும் பரமேஸ்வரனின் டோபிக் கடையில் அவள் ஒன்பது வருடம் வேலை பார்த்திருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டல் ஒன்றிலிருந்து வெளுக்க வந்த படுக்கை விரிப்புகளில் நாற்பது காணாமல் போயின. எண்ணி வாங்குவது அவள் வேலை என்பதால் பழி அவள்மேல் விழுந்தது. கூட வேலை செய்த பதினான்கு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவும், ரயில் அட்டையும், மாற்று உள்ளாடையும் விழுந்தன. உள்ளாடையை பரமேஸ்வரன் பேனா முனையால் தள்ளிப் பார்த்தார். வேறெதுவும் அகப்படவில்லை. ஆனாலும், மறுநாள் வர வேண்டாம் என்றார்.

கிள்ளானில் வேறு எந்த டோபியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. திருடி என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுச் சமையலறையின் பின்பக்கம் ஒரு மெஷினைப் போட்டு, நாள் வாடகைக்கு விடும் வீடுகளின் துணிகளை வெளுக்க ஆரம்பித்தாள். அப்படி வந்தவள்தான் நஸ்ரின். சுபாங் ஜெயாவில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருந்தாள். தொழில், கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது.

ஒருநாள் துணியைக் கொடுக்கும்போது இராஜம்மா கேட்டாள்: "ஒரு விரிப்பு எங்க இருக்கு, கடைசியா யார் கைல இருந்துச்சுன்னு எப்பக் கேட்டாலும் சொல்ல முடியுமா?"

"முடியும் அக்கா. ஈஸி லா," என்றாள் நஸ்ரின்.

நஸ்ரின் செய்து கொடுத்தது இதுதான்: ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் இஸ்திரி போட்டு ஒட்டும் சின்ன அடையாளச் சீட்டு. போனைக் காட்டினால், அது யாருடைய துணி, எப்போது வந்தது, கடைசியாக யார் கையில் இருந்தது, எத்தனை முறை வெளுத்தது என்று திரையில் வந்துவிடும். ஹோட்டல்காரர்களும் தங்கள் போனில் அதைப் பார்க்கலாம். எண்ணிக்கையில் சண்டை நின்றது. எந்த விரிப்பு கிழியப் போகிறது என்பதைக்கூட முன்னாடியே சொல்ல முடிந்தது. லோரி எந்த வழியாகப் போனால் இரண்டு நடை ஒரு நடையாகும் என்பதையும் நஸ்ரின் அதிலேயே சேர்த்தாள். நான்கு வருடத்தில் சமையலறை மெஷின் ஒரு கடைவீடாகி, இருபது பேர் வேலை செய்யும் இடமானது.

கடை நன்றாக வளர்வதாக எல்லோரும் பேசினார்கள். இராஜம்மாவின் கணக்கு வேறு. பரமேஸ்வரனின் பதினொரு வாடிக்கையாளர்களின் பெயர்களைப் போனில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொருவராகத் தேடிப் போய்த் திரையைக் காட்டினாள். ஒருவர் வந்ததும் அந்தப் பெயரை அழித்தாள். ஒருமுறை நஸ்ரின் ஷா ஆலாமில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலையைப் பேசிக்கொண்டு வந்தபோது, அதை வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன் அக்கா?"

"அது அவரோட கஸ்டமர் இல்ல."

கடைசியில் மிஞ்சியது அந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டல். மேனேஜர் ஒரு மாதம் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றார்: பாதி மாடிகள் பரமேஸ்வரனுக்கு, பாதி இராஜம்மாவுக்கு. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். இரண்டு பக்க விரிப்புகளுக்கும் சீட்டு ஒட்ட வேண்டும். வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் ஹோட்டல் ஆட்களே போனைக் காட்டிப் பதிய வேண்டும். மேனேஜர் ஒத்துக்கொண்டார். பரமேஸ்வரன் சிரித்தார்.

மூன்றாம் வாரம் டெங்கிலில் இருந்த ஒரு சிறிய தங்கும் விடுதியின் மூட்டை இராஜம்மாவின் கடைக்கு வந்தது. ஒரு விரிப்பின்மேல் போனைக் காட்டியதும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டலின் பெயர் வந்தது. கடைசியாகப் போனது பரமேஸ்வரனிடம் என்றும் இருந்தது. அடுத்ததற்கும் அப்படியே. விடுதிக்காரரைக் கூப்பிட்டாள். ஒரு லோரிக்காரரிடம் மலிவாக வாங்கியதாக அவர் சொன்னார். பல வருடமாகவே அவரிடம்தான் வாங்குகிறாராம். அந்த லோரிக்காரர், பரமேஸ்வரனின் கடைக்குத் துணி ஏற்றி இறக்கும் அவருடைய மச்சான்.

பரமேஸ்வரனுக்கு ஒரு போன் போட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாம். நஸ்ரின் அப்படித்தான் செய்யச் சொன்னாள். இராஜம்மா மாத முடிவு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கூட்டிய கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டுக் காட்டினாள்: பரமேஸ்வரன் பக்கத்தில் திரும்பி வராத விரிப்புகள் முப்பத்தொன்று, கிடைத்த இடம் டெங்கில், விற்றவரின் பெயர். பரமேஸ்வரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இராஜம்மா அவரை ஆசை தீரப் பார்த்தாள்.

ஹோட்டல் வேலை முழுவதும் இராஜம்மாவுக்கு வந்தது; பத்து நாள் கழித்து பரமேஸ்வரன் அவள் கடைக்கு வந்தார். மச்சான் செய்தது தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். மெஷின்கள் சும்மா கிடக்கின்றன, உங்களுக்கு அதிகமாக வரும் துணியில் கொஞ்சம் கொடுங்கள் என்றார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவளை 'நீங்க' என்று சொன்னார்.

"முதல்ல உங்க ஆளுங்க முன்னால, நான் திருடலன்னு சொல்லுங்க," என்றாள் இராஜம்மா.

மறுநாள் மத்தியானம் அவர் தம் கடை வாசலில் பெண்களைக் கூட்டி வைத்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். எதிரே நின்ற இராஜம்மா, குரல் கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னார். பிறகு, எப்போதிலிருந்து துணி அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

"துணி அனுப்புறேன்னு நான் சொல்லவே இல்லையே."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். அந்த வருடமே அவர் கடையை மூடினார். பாவமாக இல்லையா என்று நஸ்ரின் ஒருமுறை கேட்டாள். இல்லை, இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது என்றாள் இராஜம்மா.

வேலை போன பெண்களில் ஆறு பேரை இராஜம்மா சேர்த்துக்கொண்டாள். அவர்களில் வீரம்மாவும் ஒருத்தி. அன்றைக்கு முதலாளி சொல்லி, பையைக் கவிழ்த்தவள் அவள்தான். இஸ்திரிப் பகுதியில் நிற்கிறாள், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு வருடமாகிறது. இராஜம்மா அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.