கிண்ணியா பஸ்ஸில் வெந்த நத்தார் கேக்

இன்று கிண்ணியா பஸ்ஸில் போகும்போது, கிறிஸ்துமஸ் வேலையில் இருந்த மகள் ஜப்பானிலிருந்து அழைத்தாள். அவளுடைய கணவர் அங்கே அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார்.

"அப்பா, நத்தார் கேக் அடிச்சு வச்சிட்டன், ஓவன் வேலை செய்யுதில்லை! பின்னேரம் அவர் கப்பலால வந்திடுவார். பிள்ளையள் கேக் எங்க எண்டு அழுகுதுகள்."

ஸ்பீக்கரை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. பஸ் முழுவதும் கேட்டது.

முன் இருக்கையில் இருந்த பெண்மணி திரும்பி, நேரே என் போனோடு பேசினார்.

"பயப்படாதீங்க மகள்! வட்டிலப்பம் மாதிரி ஆவியில அவிச்செடுங்க."

"வேகுமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஐயா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க!"

பஸ்ஸே சிரித்தது.

சற்றுமுன் படம் வந்தது. கேக் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மருமகன் சீருடையோடு இரண்டாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இலங்கையில் நத்தார் கேக்கை அவிப்பதுதான் வழக்கமா?" என்று அவர் கேட்டாராம். மகள் "ஓம்" என்று சொல்லிவிட்டாள்.

திருகோணமலை நண்பர்களே, அவர் கேட்டால் தயவுசெய்து நீங்களும் ஓம் என்றே சொல்லுங்கள்.