மஞ்சள் குல்லா

என் அக்காவிடம் பொய் சொல்லித் தப்பிய ஆள் கிடையாது. நோய்த் தடுப்பு அலுவலகத்தில் அவளுக்கு ஃபோன் வேலை. தொற்று வந்தவர்களைக் கூப்பிட்டு, எங்கே போனார்கள், யாரோடு இருந்தார்கள் என்று விசாரித்து, அந்த ஆட்களை உஷார்படுத்த வேண்டும். "எங்க போனீங்க?" என்று நேராகக் கேட்கவே மாட்டாள். "அன்னைக்கு டீ எங்க குடிச்சீங்க?" என்பாள். டீக்கடையைச் சொன்னவன் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்கிவிடுவான்.

அன்று காலை பதினொரு மணிக்கு என்னையே கூப்பிட்டாள்.

"டேய், குழந்தையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வா! போன வாரம் கேரம் கிளப்ல உன் பக்கத்துல இருந்த ஒருத்தருக்குத் தட்டம்மை. இன்னைக்கு ஆறாவது நாள். இன்னைக்குள்ள எதிர்ப்புப் புரத ஊசி போட்டாகணும்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகனுக்கு நாலு மாதம்தான். தட்டம்மைத் தடுப்பூசி போடும் வயதே வரவில்லை; அதற்குப் பதில்தான் இந்த ஊசி. போதாக்குறைக்கு, போன வாரம் பூங்காவுக்கு என்று மனைவியிடம் புளுகிவிட்டுத்தான் அவனைக் கிளப்புக்குத் தூக்கிப் போயிருந்தேன். இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

வாசலிலேயே நின்ற அக்கா தாயையும் பிள்ளையையும் ஊசி அறைக்குள் தள்ளினாள். உள்ளே அவன் வீறிட்டான். அப்பாடா! அந்த அழுகை எனக்கு அவ்வளவு இனித்தது. உடனே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்கா அவன்? பேரைச் சொல்லு, தோலை உரிச்சுடறேன்!"

"சொல்ல மாட்டேன்."

"சொந்தத் தம்பிகிட்டயுமா?"

"கிளப்புக்குப் போனதையே மறைச்சாருடா. வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்த அப்புறம்தான் வாயத் திறந்தாரு. மஞ்சள் குல்லா போட்ட கைக்குழந்தை இருந்துச்சுன்னாரு. அந்தக் குல்லா நான் பின்னினதுடா! அவரு சொல்லலேன்னா உன் பிள்ளைக்கு ஏது ஊசி? நான் இன்னைக்கு உளறினா, நாளைக்கு எவன் என்னை நம்பி நிஜத்தைச் சொல்லுவான்?"

அதற்குள் மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள்.

"அண்ணி, பூங்காவுல எப்படி இவனுக்கு அம்மை ஒட்டும்? எங்கதான் பட்டுச்சு?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."

எனக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்கு! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பூங்கா இல்ல, கேரம் கிளப்பு" என்றேன்.

வீடு வரும்வரை ஆட்டோவில் உரிந்தது என் தோல்தான். மகனுக்கு ஒரு தடிப்புகூட வரவில்லை. அந்த ஆள் யாரென்று அதற்குப் பிறகு நான் அக்காவிடம் கேட்கவே இல்லை.