வாயில் விரல் வைக்கச் சொல்லாத அக்கா

அக்காவின் நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது உறவினர் பலர், “அமைதியே உருவானவங்கன்னு எழுதுங்க” என்றார்கள். மன்னிக்க வேண்டும். எங்கள் அக்கா அமைதியானவர் அல்லர். பிள்ளைக் காம்பராவை அமைதியாக வைக்கவில்லை என்பதற்காகவே அந்த வேலையை இழந்தவர்.

அக்கா இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தார். தேதியைக் குறிக்க எவ்வளவோ முயன்றேன். தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் என்பதற்கு மேல் சொல்ல ஆளில்லை. அம்மா இறந்தபின் எங்களை வளர்த்தவர் அவரே. குடியுரிமைச் சட்டம் வந்த 1948இல், தாய்மார் கொழுந்தெடுக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு ஆயாவானார்.

அங்கே ஒரு வழக்கம். தோட்டத்து மேற்பார்வை அதிகாரியான கண்டாக்கு ஐயா பார்வையிட வந்தால் பிள்ளைகள் வாயில் விரல் வைத்து வரிசையில் நிற்க வேண்டும். அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. பிள்ளை கை நீட்டினால் ரொட்டியை உடனே கொடுக்கமாட்டார். “என்னா வேணும்? ரொட்டியா, தண்ணியா?” என்று கேட்டு, முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். அரைச் சொல் வந்தாலும், அதை முழுதாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கொடுப்பார்.

மூன்று வயதாகியும் பேசாத செல்விக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. செல்வியின் தாய் பார்வதி, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேலை நடுவே ஓடி வருவார்.

“மூத்தவகிட்டயும் ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ புள்ள.”

“என்னத்தக்கா பேச? மலைக்குப் போனேன், வந்தேன்.”

“அதையே சொல்லு. அட்ட கடிச்சத சொல்லு. கங்காணிய திட்டுனத சொல்லு.”

“அதச் சொன்னா நாளைக்கி அவருகிட்டயே போயி சொல்லிருவாளே!”

“சொல்லட்டும். அன்னிக்கி நான் தேங்கா ஒடைக்கிறேன்.”

பார்வதி சிரித்தார். அன்றிலிருந்து காலில் அட்டை கடித்த இடத்தைக் காட்டி மகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார்.

ஒரு மழைநாள் கண்டாக்கு வந்தார். அக்கா சொல்லாமலே பிள்ளைகள் பழைய வழக்கப்படி வரிசையில் நின்றார்கள். செல்வி வாயிலிருந்த விரலை எடுத்து, அவர் காலுறையை நோக்கி நீட்டினாள்.

“அட்ட! அட்ட கடிக்கிது!”

அவளுடைய முதல் பேச்சு அதுதான். உண்மையாகவே அட்டை. பிள்ளைகள் எல்லாரும் கூச்சலிட, அக்கா கண்ணீரோடு சிரித்துவிட்டார்.

“இது என்னா, சந்தக்கடையா? என்னாத்த பழக்கி வச்சிருக்க?” என்று கத்தினார் கண்டாக்கு.

“பேசப் பழக்கியிருக்கேங்க.”

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அக்காவின் பெயர் கொழுந்து மலைக்கு வாசிக்கப்பட்டது. நியாயம் கேட்கப் போன என்னிடம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், “சம்பளப் பிரச்சினைன்னா பேசலாம் தம்பி, புள்ளைங்க பேச்சுக்கெல்லாமா?” என்றார். எத்தனையோ நூல்களைப் படித்தவன் நான். ஆனாலும் அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் என் கோபம் அடங்குவதில்லை. காம்பரா மறுபடி அமைதியானது. அக்கா கடைசிவரை மலையிலேயே நனைந்தார். போன மாசியில் மார்ச்சளி அவரைக் கொண்டுபோனது.

நோயுற்ற அக்காவைக் கட்டிலோடு தூக்கி ரோட்டுவரை இறக்கிய மேல்லயத்து இளைஞர்களுக்கும், இறுதிவரை அருகிருந்த பார்வதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளில் மௌன அஞ்சலி செலுத்த ஏற்பாடாகியிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அவர்கள் ஏதாவது கேட்டால், “சும்மா இரு” என்று அதட்டாமல் பதில் சொல்லுங்கள்.