சிவப்பு ஊசி டாக்டர்

கோவில்பட்டியில் பூவனலிங்கம் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சிவப்பு ஊசி டாக்டர் என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவர்கூட நூலை வாயில் கவ்விக்கொண்டு கையால் வழி காட்டுவார். காய்ச்சலோ, கைகால் குடைச்சலோ, வீட்டில் சண்டை போட்டு வந்த தலைவலியோ, எதுவானாலும் இடுப்பில் ஒரு ஊசி போட்டுவிடுவார். உள்ளே இருந்தது வெறும் சத்து மருந்துதான். ஆனால் நல்ல சிவப்பு. கரிசல்காட்டுச் சனத்துக்கு அந்தச் சிவப்பு உடம்பில் ஏறினால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. அந்தத் திருப்தியை வைத்தே மனிதர் மூன்று மாடி ஆஸ்பத்திரி எழுப்பிவிட்டார்.

எம்.டி. படித்தவர்தான். படித்ததை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தனக்கு ஏதாவது வந்தால் மட்டும் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வார். ஊசியில் பிடிக்கிற பக்கம்தான் அவருக்குப் பழக்கம், குத்துகிற பக்கத்தோடு அவருக்குச் சகவாசமே கிடையாது.

இப்படி நிம்மதியாக இருந்தவரின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது எதிர் ஆஸ்பத்திரி. புதிதாக வந்த டாக்டர் அங்கே ஸ்கேன் மிஷின் இறக்கினார். பூவனலிங்கம் யோசித்தார். மிஷினை எவனும் வாங்கலாம். புரொபசர் ஆக முடியுமா? டெல்லியில் ஒரு வாரியம், தனியார் ஆஸ்பத்திரிகளிலும் குடும்ப மருத்துவ மேற்படிப்பு நடத்த அனுமதி கொடுத்துவந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்று வருஷம் தங்கி, ஒரு குடும்பத்தைப் பிள்ளை முதல் பெரியவர் வரை சேர்த்துப் பார்க்கப் பழகவேண்டும். வார்டைப் பார்த்துக்கொள்ள மலிவாக டாக்டர்களும் கிடைப்பார்கள், தன் பேருக்கு முன்னால் பேராசிரியர் என்றும் போட்டுக்கொள்ளலாம். எழுதிப்போட்டார். தொண்ணூற்றெட்டில் ஒரு வருஷத்துக்குத் தற்காலிக அனுமதி வந்தது. வருஷ முடிவில் ஆள் வந்து பார்ப்பார்கள், பிடிக்கவில்லையென்றால் அனுமதி ரத்து. அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் அன்று சாயங்காலமே போர்டில் 'பேராசிரியர்' ஏறிவிட்டது.

முதல் மாணவியாக வந்தவள் ஜன்னதுல் பிர்தௌஸ். கயத்தாறில் லாரி டயர் கடை வைத்திருப்பவரின் மகள். அவளிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. வந்தவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பாள்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் சுப்புத்தாய் தலைசுற்றல் என்று வந்தாள். விசாரித்ததில், காலையில் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வேலைக்கு ஓடுகிறாள் என்று தெரிந்தது. உடம்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "காலைல சாப்பிட்டுட்டுப் போங்க, சரியாயிரும்" என்று அனுப்பினாள் பிர்தௌஸ். சுப்புத்தாய் வெளியே வந்து வராண்டாவே கேட்கும்படி, "இந்தப் பிள்ளைக்கு ஊசி போடத் தெரியல போலுக்கே!" என்றாள்.

பூவனலிங்கம் பிர்தௌஸைக் கூப்பிட்டார். "ஏம்மா, சோறு திங்கச் சொல்லுததுக்கு அவ வீட்டுல ஆள் இல்லியா? அதுக்கா இங்கன வாரா?"

"அவங்களுக்கு ஊசி தேவையில்ல சார்."

"தேவையா இல்லையான்னு அவிய முடிவு பண்ணட்டும். நீ போட்டு அனுப்பு."

அவள் போடவில்லை. அடுத்த வாரமே அவளை நோயாளிகள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அவருடைய சொந்த வீடுதான் அந்த இடம். மனைவி சுதாராணிக்கு மூட்டுவலி, மாமனாருக்குப் பிரஷர், மகனுக்கு இளைப்பு. வருஷம் பூராவும் பிர்தௌஸின் மேற்படிப்பு அந்தச் சமையலறை ஸ்டூலில் நடந்தது. அவள் அழுதாளோ என்னவோ, பேராசிரியர் அதைக் கவனிக்கவில்லை.

வருஷம் முடிந்து கடிதம் வந்தது. மதுரையிலிருந்து டாக்டர் அழகிரிசாமி ஆய்வுக்கு வருகிறார். மாணவி ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்துவந்த ஒரு குடும்பத்தை அவர் முன்னால் காட்டவேண்டும். பூவனலிங்கம் கணக்குப் போட்டார். அனுமதி போனால் போர்டை அழிக்கவேண்டும், எதிர் ஆஸ்பத்திரிக்காரன் பார்த்துச் சிரிப்பான். மச்சினனுக்குச் சொந்தமான தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியை வரவழைத்து, 'டாக்டரம்மா ஒரு வருஷமா எங்க வீட்டுக்கு வந்து பாக்காவ' என்று சொல்லப் பழக்கினார். பழக்கிய பெண் அதே சுப்புத்தாய் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு நோயாளிகளின் இடுப்புதான் பழக்கம், முகம் இல்லை.

ஆய்வு நாளன்று அழகிரிசாமி, பிர்தௌஸைக் காட்டி, "இவங்கதானே உங்க வீட்டு டாக்டர்?" என்று கேட்டார்.

சுப்புத்தாய் ஏற இறங்கப் பார்த்தாள். "இவியளா? இவிய ஊசி போடாத டாக்டரம்மால்லா!"

புருஷன் சோலைமுத்து அவள் முழங்கையை இடித்தான். அவள் அடங்கவில்லை. "சும்மா இரும். அரைநாள் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு ஊசி போட்டாத்தான் போவேன்."

இருவரையும் வெளியே அனுப்பினார்கள். பூவனலிங்கம் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. அழகிரிசாமி பேனாவை மூடியபோது பிர்தௌஸ் எழுந்தாள்.

"வேற ஒரு குடும்பம் இருக்கு சார். பேர் சொல்ல மாட்டேன். வீட்டம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுதேன்."

சொல்ல ஆரம்பித்தாள். வீட்டம்மாவின் மூட்டுவலி எந்தக் கவலையில் கூடுகிறது, பெரியவர் யாருக்குப் பயந்து பிரஷர் மாத்திரையை ஒளித்துவைக்கிறார், பையனுக்கு எந்த நாளில் இளைப்பு வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழகிரிசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பூவனலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பியது. இவள் எப்போது இப்படி ஒரு குடும்பத்தைப் பிடித்தாள்? கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"இவங்க எல்லாரையும்விட எனக்குக் கவலை குடும்பத் தலைவரைப் பத்தித்தான் சார். அடிக்கடி தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறாங்க. கால் மரத்துப்போச்சு. ரெண்டு வருஷமா வைட்டமின் மாத்திரைய மட்டும் போட்டுக்கிடுதாங்க."

"சுகர் பாக்கலையா?" என்றார் அழகிரிசாமி.

"மாட்டேங்காங்க சார்."

பூவனலிங்கம் இடையில் புகுந்தார். புரொபசர் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே! "இந்தப் பக்கத்துச் சனமே இப்படித்தான் சார். மடப்பயலுவ. கால் போன பெறவுதான் வருவானுவ."

பிர்தௌஸ் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "போன மாசம் சீமைக்கருவேல முள் செருப்பத் துளைச்சு உள்ளங்கால்ல ஏறி ஒடிஞ்சிட்டு. அவங்களுக்குத் தெரியல. அதோடயே வீடு பூரா நடந்திருக்காங்க. தரையில ரத்தத்தப் பாத்து வீட்டம்மாதான் பிடுங்கினாங்க."

மேஜைக்கு அடியில் பூவனலிங்கத்தின் வலது கால் மெல்ல உள்ளே போனது. இழுப்பறையில் பாதி தின்ற கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. முழங்கையால் அதையும் தள்ளி மூடினார்.

"படிக்காத ஆளா?" என்று கேட்டார் அழகிரிசாமி.

"நல்லாப் படிச்சவங்க சார்."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் அவர், மனப்பூர்வமான வருத்தத்தோடு.

அனுமதி கிடைத்துவிட்டது. "இந்தப் பொண்ணை இப்படித் தயார் பண்ணின கை இது" என்று அழகிரிசாமி பூவனலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேட்ட பெருமை கேட்டபடியே வந்து சேர்ந்தது. மனிதருக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பயமாக இருந்தது. கால் போன சர்க்கரைக்காரர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

கார் போனதும் அறைக்குள் வந்து செருப்பைக் கழற்றினார். வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்தார். பிர்தௌஸ் குனிந்து பார்த்தாள். புண் ஆழமாகப் போயிருந்தது. நர்ஸ் வெயிலம்மாள் ரத்தம் எடுத்து லேப்புக்குக் கொண்டுபோய், முடிவோடு வந்தாள். வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, சீட்டை நீட்டினாள்.

"மாத்திரை போதும்லாம்மா?" என்றார் பூவனலிங்கம். குரல் சிறுத்துப்போயிருந்தது.

"போதாது சார். இன்சுலின் ஊசி போடணும். தினமும். புண்ணுக்கு மருந்தும் ஊசியாத்தான்."

பேராசிரியர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். கண்ணை இறுக்கி மூடி, மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். வெயிலம்மாள் குத்தியபோது "அய்யோ!" என்று கத்தியது வராண்டா வரைக்கும் கேட்டது.

வராண்டாவில் சுப்புத்தாய் இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். நியாயம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்தது. "பாத்தியளா! டாக்டரே ஊசி போட்டுக்கிடுதாரு. எனக்கு மட்டும் இல்லங்கியளே!"

பூவனலிங்கம் கண்ணைத் திறந்தார். ஓரத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. இத்தனை வருஷ வைத்தியத்தில் முதல் தடவையாக ஒரு நோயாளியின் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"எனக்குத் தேவப்படுதும்மா. ஒனக்குத் தேவையில்ல. காலைல சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ."

சுப்புத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கிறுக்குப் பிடிச்சிட்டு போலுக்கு" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.