கேட்டுவிட்டுத் தொட்ட கை

எங்கள் அக்கா பிறந்தது உடையார்பாளையத்தில், முந்திரி பூக்கும் மாசி மாதத்தில். அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றும் பாதித் தூக்கம்போல் ஆகிவிடுகிறது. அதில் அக்கா நர்ஸின் வெள்ளைச் சேலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கை வெந்து, அக்காவை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்.

அரியலூரிலும் பெரம்பலூரிலும் வேலை பார்த்த காலமெல்லாம் அக்காவின் கைப்பையில் மஞ்சள் கயிறு இருக்கும். ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னால் நம் பெண்கள் உயிரே போனாலும் மாட்டேன் என்பார்களே! அக்கா அதட்டமாட்டார். விரலி மஞ்சள் கோத்த கயிற்றை நீட்டி, "இத கட்டிக்கங்க. தங்கத்த உங்க வூட்டுக்காரர்கிட்ட குடுத்துடுவோம், சரியா?" என்பார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உள்ள ஜில்லுன்னு இருக்கும். முதுகுல ஊசி போட்டா காலு மரத்துப்போகும். பயப்படாதீங்க. கேக்கணும்னா இப்பவே கேளுங்க" என்பார். டாக்டர் அவசரப்பட்டாலும், "அவங்க இன்னும் சரின்னு சொல்லல சார்" என்று நிற்பார். அப்பப்பா, என்ன பிடிவாதம்!

அக்காவுக்கே புற்றுநோய் வந்தது. ஒரு ஆபரேஷனுக்குப் பிறகும் முற்றியது. இன்னொன்று செய்து பார்க்கலாம், பலன் நிச்சயமில்லை என்றார்கள். அக்காவின் கணவரான மாமாவும் நானும் வராந்தாவிலேயே சரி என்று பேசி முடித்துவிட்டோம். அழைத்துப்போக வந்த நர்ஸ், அக்காவின் கையைத் தொடும் முன் கேட்டார்: "அம்மா, உங்களுக்குச் சம்மதங்களா?"

"வேணாம்மா. வூட்டுக்குப் போறேன்."

"என்னக்கா பேசுற! நீ எங்களுக்கு வேணும்க்கா!" என்று கத்திவிட்டேன்.

"அவங்க பேசி முடிக்கட்டுங்க" என்றார் அந்த நர்ஸ். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அக்கா சிரித்தார்.

அதன்பின் ஒரு பூக்காலம் முழுக்க அக்கா வீட்டில் இருந்தார். முந்திரி நிழலில் கயிற்றுக் கட்டில். வெயில் அவர் சேலைமேல் நகர்வதைப் பார்த்தபடியே நானும் தூங்கிப்போவேன். ஒரு பிற்பகல் என்னை எழுப்பி உட்காரவைத்தார். நோயாளிகளிடம் பேசும் அதே குரல்.

"கடைசியில மூச்சு விட்டு விட்டு வரும். தொண்டையில கரகரன்னு சத்தம் கேக்கும். உனக்குப் பாக்க பயமா இருக்கும், ஆனா அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. ஓடாத. கையப் புடிச்சுக்க. கேக்கணும்னா இப்பவே கேளு."

"வலிக்குமாக்கா?"

"மருந்து இருக்குல்ல. வலிக்காது."

அக்கா சொன்னபடியேதான் எல்லாம் வந்தது. நான் ஓடவில்லை.

வலிக்கு மருந்து கொண்டுவந்தவர்கள், சோறாக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டார், தோள்கொடுத்த உறவினர் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம். நாங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த நர்ஸுக்கு ஒரு வார்த்தை: அம்மா, நீ சம்மதம் கேட்டதால்தான் எங்களுக்கு அந்தப் பூக்காலம் கிடைத்தது. அக்காவின் கைப்பையில் மஞ்சள் கயிறு மீதமிருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.