மஞ்சள் பட்ட கடிதம்

யுத்தம் முடிந்த பிறகும் பஸ்ராவில் எங்கள் பட்டாள ஆஸ்பத்திரியை மூடவில்லை. கண்டி மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் கட்டுப் போட்டுப் பழகியவள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நானாகத்தான் பெயர் கொடுத்துக் கப்பல் ஏறினேன். பட்டாளத்தில் கூலி வேலை செய்த தமிழ் ஆட்கள் இருந்த வார்டைத் தந்தார்கள்.

1920 தொடக்கத்தில் எண்ணெய்ப் பீப்பாய் தீப்பிடித்து ஏழு பேர் வந்தார்கள். ஒருவன் கண்டிக்குப் பக்கத்துப் பன்வில தேயிலைத் தோட்டத்தான். நான்காம் நாள் செத்தான். படையின் இங்கிலீசுக் காகிதம் போய்ச் சேர எத்தனையோ மாதம் ஆகும். அதனால் அவன் தாய்க்கு நானே நாலு வரி எழுதினேன். நின்றுகொண்டு எழுதினேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். தீப்புண்ணுக்குப் பூசும் மஞ்சள் மருந்து என் விரலிலிருந்து காகித மூலையில் பட்டிருக்கிறது. கவனிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கண்டிக்குத் திரும்பினேன். அவன் துணிமணியைக் கொடுக்கப் பன்வில போனேன். அந்த அம்மா தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மகன் இருந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் என்றேன்.

“வாங்க தாயி. அவன் வர்றதுக்குள்ள வீட்ட ஒழுங்கு பண்ணணும். அடுத்த லயத்துல பொண்ணு பேசியாச்சு. பட்டாளத்து மாப்பிள்ளைக்குச் சோறு போட்டே நான் ஆண்டியாயிருவேன்னு பொண்ணோட அப்பன் கேலி பண்றாரு.”

“கடிதம் வரலையாம்மா?”

“வந்துச்சே. சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன். படிச்சுச் சொல்ற கங்காணி, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க இந்தியாவுக்குப் போயிட்டாரு. படிச்சுத்தான் தெரியணுமா? மூலையில மஞ்சத் தடவியிருக்கே.”

நல்ல காரியத்துக்குத்தான் மஞ்சள் தடவுவார்கள். சாவுக் காகிதத்தை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள்.

“அது மஞ்ச இல்லம்மா. மருந்து. என் கையில இருந்தது” என்றேன். பிறகு மீதியைச் சொன்னேன்.

வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் வைத்தாள்.

“எத்தன நாளாச்சு?”

“மூணு மாசம்.”

“மூணு மாசமா எம்புள்ளைக்கு ஒரு காரியமும் செய்யாம விட்டுட்டேனே.”

துணி மூட்டையை அவளிடம் கொடுத்தேன்.

“பொண்ணு வீட்டுல நீங்களே சொல்லிருங்க தாயி. எனக்கு வாய் வராது.”

அடுத்த லயத்துக்கு இறங்கினேன். பெண்ணின் தகப்பன் எதிரே வந்தார்.

“மாப்பிள்ள வீட்டு விருந்தாளியா? எப்ப வர்றாராம்?”

முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன்.